கடலின் நீலமும் கல்லின் ஒளியும்



கல்முனைக் கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் கடல் ஒரே நிறமாகத் தோன்றுவதில்லை. கரைவலை இழுக்கும் இடத்தில் மணல் கலங்கிய நீர், அதற்கப்பால் பசுமை, ஆழ்கடல் சென்று மீளும் மீனவரைக் கேட்டால், அங்கே மையைக் கரைத்தாற்போன்ற நீலம் என்பர். அந்த நீரையே கையில் அள்ளினால் நிறமே இல்லை. அப்படியாயின், இந்த நீலம் எங்கிருந்து வந்தது?

வானத்தின் நீலமே கடலிற் பிரதிபலிக்கின்றது என்பது பலரும் கூறும் விடை. ஆங்கிலப் பௌதிக விஞ்ஞானி ரேலிப் பிரபுவும் ஆழ்கடலைப் பற்றி அவ்வாறே எழுதினார். வானம் நீலமாயிருப்பதற்குக் கணக்கோடு காரணம் காட்டிய பெரியார் அவர். அவர் வாக்கை ஐயுறுதல் எளிதன்று.

ஐயுற்றவர் திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. இராமன். அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, காலையும் மாலையும் ஆய்வுகூடத்திற் கழித்தவர். 1917இல் நல்ல சம்பளத்தைத் துறந்து கல்கத்தாச் சர்வகலாசாலைப் பேராசிரியரானவர். 1921இல் இங்கிலாந்து சென்று ‘நர்குண்டா’ என்னும் கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அவரிடமிருந்ததோ நிக்கொல் அரியம் என்னும் சிறு பளிங்குக் கருவி. நீர்ப்பரப்பில் குறித்ததொரு சாய்வில் தெறித்துவரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. அரியத்தைத் தக்கவாறு திருப்பினால் அவ்வொளி மறைந்துவிடும். வானத்தின் பிரதிபிம்பமே நீலத்துக்குக் காரணமாயின், அப்போது நீலமும் மறைய வேண்டுமல்லவா? மறையவில்லை, முன்னினும் செழித்துத் தோன்றிற்று! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறுகின்றன என்று துணிந்து, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார்.

நீர் செந்நிற ஒளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடுகின்றது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இராமன் இதனைத் துணைக்காரணமாகவே கொண்டார். இக்கால விஞ்ஞானமோ இதற்கே முதலிடம் தருகின்றது. எனினும், சிதறலைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாகவே, சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி தன் அலைநீளத்தையே மாற்றிக்கொள்வதை, 1928ஆம் ஆண்டு பெப்ரவரியில், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்டார். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரியோர் வாக்கையும் சோதித்தே ஏற்கும் இம்மரபு ஒளியியலில் மிகப் பழையது. பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்கர் பலர் கொண்டிருந்ததை மறுத்து, ஒளியே பொருளிலிருந்து கண்ணுக்கு வருகின்றது என நிறுவினார். பேய்க்கதை படித்த கையோடு இரவில் முற்றத்துக்கு வருபவர், வேலியோரத்தில் மின்னும் இரு கண்களைக் கண்டால் கிரேக்கர் பக்கமே சேர்ந்துவிடுவார்! பூனையின் விழித்திரைக்குப் பின்னே கண்ணாடி போன்ற படலம் ஒன்றுண்டு. வெளியிலிருந்து புகுந்த ஒளியையே அது திருப்பி அனுப்புகிறது. காரிருளில் அக்கண்ணும் மின்னாது.

பூனைக்கண் எனப் பெயர்பெற்ற நம் நாட்டு வைடூரியத்தின் கதை வேறு. அதனுள்ளே மிக நுண்ணிய ஊசிகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. மருதமுனை நெசவாளர் வீட்டில், பளபளப்பான நூல் நெருக்கமாகச் சுற்றிய கட்டையை விளக்கெதிரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்குக் குறுக்காக ஓர் ஒளிக்கீற்று ஓடும். கல்லில் ஓடுவதும் அத்தகைய கீற்றே.

சந்திரகாந்தக் கல்லில் கீற்றில்லை. நிலவு தேங்கினாற்போன்ற மென்னீலம் உண்டு. இலங்கையின் இக்கல்லை இராமனே ஜெயராமன், ஸ்ரீநிவாசன் என்போருடன் ஆராய்ந்து 1950இல் கட்டுரை வெளியிட்டார். மிகு வெப்பத்தில் ஒன்றாயிருந்த இரு கனிப்பொருள்கள், ஆறும்போது நுண்ணிய அளவிற் பிரிந்து நிற்கின்றன. அப்பிரிவுகளில் ஒளி சிதறுவதால் அந்நிறம் பிறக்கின்றது. கடலிற் கேட்ட கேள்வியைக் கல்லிடமும் கேட்டார் எனலாம்.

முதுமையில் அவர் பூக்களின் நிறத்தையும், அந்நிறத்தைக் காணும் கண்ணையும் ஆராய்ந்தார். பார்வையைப் பற்றிய அவரது பெருநூல் 1968இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளின் பின், 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் தேதி, பெங்களூரில் காலமானார்.