4 ஜிபி போட்டால் 3.2 ஜிபி காட்டுவது ஏன்?

விக்கிரவாண்டிப் பிள்ளைகளுக்கு ‘பஸ்’ என்றால் நெடுஞ்சாலை உணவகங்களில் நின்று போகும் சென்னை – திருச்சி பேருந்துகள்தான். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் முகவரிப் பாட்டை, தரவுப் பாட்டை என்று தொடங்கி, ‘பாட்டை என்றால் பஸ்’ என்றதுமே வகுப்பில் சிரிப்பு எழும். நானும் சிரித்துவிட்டு, படத்தை வரைந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அப்படிப் போக முடியாமல் செய்தது ஒரு மாணவனின் கேள்வி.

“டீச்சர், வீட்ல பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். 4 ஜிபி ரேம்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஆனா 3.2தான் காட்டுது.”

மணி அடிக்கிற நேரம். “கடைக்காரரைக் கேளுப்பா, குறைச்சலா போட்டிருப்பாரு” என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். மறுநாள் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அப்பா கடையில சத்தம் போட்டுட்டாரு டீச்சர். டீச்சரே சொல்லிட்டாங்கன்னு சொன்னாராம்.”

அன்று இரவுதான் ஒழுங்காகப் படித்தேன். கடைக்காரர் மீது தவறில்லை.

32 பிட் முகவரியில் மொத்தம் 4,29,49,67,296 எண்கள் உண்டு. ஒரு எண்ணுக்கு ஒரு பைட் என்றால் 4 ஜிபி. இந்த எண்கள் முழுவதும் ரேமுக்கு மட்டும் உரியவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காட்சி அட்டை, நெட்வொர்க் அட்டை, ஒலி அட்டை எல்லாம் பிசிஐ என்ற பாட்டையில் உட்கார்ந்திருக்கின்றன. மையச்செயலகம் அவற்றோடு பேசுவதும் பெரும்பாலும் இதே எண்கள் வழியாகத்தான். ஓர் எண்ணை அழைத்தால் இரண்டு பேர் பதில் சொல்லக் கூடாது. அதனால் 4 ஜிபி எல்லைக்குக் கீழே ஒரு பகுதி சாதனங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த இடத்து ரேம் கணினிக்குள் இருக்கிறது, ஆனால் 32 பிட் விண்டோஸில் அதைக் கூப்பிட எண் இல்லை.

இந்த ஒதுக்கீட்டைச் செய்வது யார்? மின்சாரம் வந்ததும் முதலில் பயாஸ். அடுத்து இயங்குதளத்தின் கெர்னல் அதைச் சரிபார்த்து, விடுபட்டவற்றுக்கு இடம் தேடும். விண்டோஸின் கெர்னலை நாம் படிக்க முடியாது. லினக்ஸின் கெர்னலை யாரும் படிக்கலாம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். நம் மாணவர்கள் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. நானும் சொல்லித்தரவில்லை.

லினக்ஸ் கெர்னலில் பிசிஐ என்ற கோப்புறையில் ‘செட்அப்-பஸ்’ என்றொரு சி மொழிக் கோப்பு இருக்கிறது. முழுதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். புரிந்தவரை வகுப்புக்குப் போதும்.

சாதனத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கெர்னல் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. சாதனத்தின் முகவரிப் பதிவேட்டில் எல்லா பிட்டுகளிலும் 1 எழுதிவிட்டு, திரும்பப் படிக்கும். சாதனம் சில கீழ் பிட்டுகளை 0 ஆகவே வைத்திருக்கும். அந்தச் சுழிகளைக் கொண்டு அளவு தெரிந்துவிடும். பிறகு பழைய மதிப்பை மறக்காமல் திருப்பி எழுத வேண்டும். கெர்னல் நிரலில் யாராவது மாற்றம் செய்தால், வேறொருவர் அதை வரிவரியாகப் படித்துச் சரிபார்ப்பார். படித்தவர் பெயரும் மாற்றத்தோடு பதிவாகும். “பழைய மதிப்பு திரும்ப எழுதப்பட்டதா?” என்பது அங்கே கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று.

அடுத்தது இடம் பிரிப்பது. நம் ஊர்ச் சாலையோர மனைப்பிரிவு போலத்தான். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சாதனமும் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும். கரும்பலகையில் 0 முதல் 11 வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, 4 கட்டச் சாதனத்தையும் 8 கட்டச் சாதனத்தையும் வைக்கச் சொன்னேன். முதலில் வந்தவள் சிறியதை 0–3 இல் வைத்தாள். பெரியது இனி 8 இல்தான் தொடங்க முடியும். அங்கே மிச்சம் நான்கே கட்டம். இடமில்லை! பெரியதை முதலில் 0–7 இல் வைத்தால் சிறியது 8–11 இல் கச்சிதமாக அமர்கிறது. கெர்னலும் பெரிய மடங்கு கேட்பவற்றை முன்னால் வரிசைப்படுத்திக்கொள்கிறது. பாட்டைக்குள் பாட்டை, அதாவது பாலம் இருந்தால், உள்ளே இருப்பவர்களின் தேவையைக் கீழிருந்து மேலாகக் கூட்டி, பிறகு மேலிருந்து கீழாக இடத்தைப் பிரித்துக் கொடுக்கும்.

அதே கட்டங்களில் இன்னொன்றும் கிடைத்தது. 0 முதல் 7 வரை எத்தனை கட்டம்? “ஏழு” என்று பாதி வகுப்பு சொன்னது. கெர்னலில் ஒரு பகுதியின் முடிவு எண்ணும் அந்தப் பகுதியைச் சேர்ந்ததே. ஆகவே அளவு என்பது முடிவு கழித்தல் தொடக்கம், கூட்டல் 1. இந்தக் ‘கூட்டல் 1’-ஐத் தேர்ந்த நிரலாளர்களும் மறந்திருக்கிறார்கள். அதற்காகவே கெர்னலில் தனியாக ஒரு சிறு செயற்கூறு உண்டு என்றதும் ஏழு சொன்னவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது சி++ செய்முறைக்கு முன் பக்கத்து மாணவரின் நிரலைப் படித்து, கீழே தன் பெயரெழுதிக் கையெழுத்திட வைக்கிறேன். “தப்பு” என்று எழுதக் கூடாது, கேள்வியாகத்தான் எழுத வேண்டும். முதல் வாரம் எல்லாரும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அது பெரியவர்களிடமும் உள்ள பழக்கம்தானே!

லினக்ஸ் உள்ள கணினியில், ‘ப்ராக்’ கோப்புறையிலுள்ள ‘ஐஓமெம்’ கோப்பைத் திறந்தால் எந்த முகவரி யாருக்கு என்ற பட்டியல் தெரியும். நிர்வாகி உரிமை இல்லாமல் திறந்தால் எல்லா முகவரியும் சுழியாகவே காட்டும். நான் அரைமணி நேரம் குழம்பினேன்; நீங்கள் குழம்ப வேண்டாம்.

அந்த மாணவனின் கணினியில் பென் டிரைவிலிருந்து 64 பிட் உபுண்டு ஓட்டிப் பார்த்தோம். கிட்டத்தட்ட முழு ரேமும் தெரிந்தது. 4 ஜிபிக்கு மேலே எண் கொடுக்க அந்த மதர்போர்டு இடம் தந்ததால் அது முடிந்தது. எல்லாப் பழைய போர்டிலும் முடியாது. சனிக்கிழமை அவனுடைய அப்பாவோடு கடைக்குப் போய், “தப்பு என் மேலதான்” என்று சொன்னேன். கடைக்காரர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “இதைத் தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க டீச்சர். மாசத்துக்கு ரெண்டு பேராவது இதே சண்டைக்கு வர்றாங்க” என்றார்.