காருக்கு வழிகாட்டும் கருவி: வரைபடம் எதில் இருக்கிறது?

காரில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி வானத்திலுள்ள செயற்கைக் கோள்களிடம் வழியைக் கேட்டு நமக்குச் சொல்கிறது என்றே நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். இவ்வெண்ணம் தவறானது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அக்கோள்களுக்குத் தஞ்சோங் மாலிம் எது, பேராங் எது என்று தெரியாது. அவை அனுப்புவன காலக் குறிப்பும், தாம் எங்கே இருக்கிறோம் என்னும் குறிப்புமே. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்புகளைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிட்டுக் கொள்கிறது. அவ்விடத்தில் சாலை உண்டா, அது ஆற்றங்கரைக்குப் போகிறதா அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகிறதா என்பன யாவும் வரைபடத்தின் வேலை. எனவே கருவி வாங்கப் போகிறவர் அதன் விலையையும் திரையின் அகலத்தையும் விசாரிப்பதற்கு முன், வரைபடம் எதில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரிப்பது நலம்.

1994-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் மட்டும் போய் வருகிறவருக்கு இது பெரிய விஷயமன்று. பலகைகளே வழி சொல்லிவிடும். விரைவுச்சாலையை விட்டிறங்கிச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் புகுந்தவுடன்தான் சங்கடம் தொடங்குகிறது. இன்று பெரும்பாலோர் கைபேசியையே வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். அதில் வரைபடம் இணையத்தின் வழியே துண்டு துண்டாக வந்து சேர்கிறது. தோட்டத்தின் உட்புறத்தில் தொடர்பு அறுந்துவிட்டால் புதிய துண்டு வராது. நாம் இருக்குமிடம் புள்ளியாகத் தெரியும். அதைச் சுற்றி வெற்றுத் திரைதான் தெரியும். இரவு நேரத்தில் நோயாளியைச் சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் காரை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் காருக்குள்ளேயே இருப்பதன் அருமை அப்போது விளங்கும்.

வரைபடத்தைக் காரில் எப்படி அடக்குவது என்பது பழைய தொல்லை. செயற்கைக் கோளின் உதவியில்லாமலே ஹோண்டா கம்பெனி 1981-ல் ஒரு கருவி செய்தது. அதில் வரைபடம் கண்ணாடி போன்ற படத்தாளில் அச்சிடப்பட்டிருந்தது. 1985-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஈடாக் கருவியோ, நாம் பாட்டுக் கேட்ட கேசட் நாடாவில் வரைபடத்தை வைத்திருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வட்டாரம் ஒன்றுக்கே பல நாடாக்கள் வேண்டியிருந்தன! 1987-ல் டொயோட்டா கிரௌன் காரில் சி.டி. தட்டு வந்தது. 1990-ல் மாஸ்டாவின் காஸ்மோ காரில் செயற்கைக் கோள் வழிகாட்டி அமைந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் நீக்கிய பிறகுதான், முன்கண்ணாடியில் ஒட்டும் சிறு கருவிகள் உலகெங்கும் பெருகின.

இப்போது பழைய கார் வாங்குகிறவர் பெரும்பாலும் மூன்று வகைகளைக் காண்பார்: சுழலும் வன்தட்டு உள்ளது, உள்நினைவகம் உள்ளது, மெமரி கார்டு செருகுவது.

வன்தட்டு ஒரு காலத்தில் ராஜா. கார்டுகள் ஓரிரு கிகாபைட் மட்டுமே கொண்டிருந்த நாளில் அது முப்பது, நாற்பது கிகாபைட் தாங்கியது. ஆனால் அதனுள்ளே தட்டு ஓயாமல் சுழல்கிறது. எழுத்தைப் படிக்கும் முனை தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் அதன் மேல் மிதக்கிறது. தோட்டப் பாதையின் பள்ளமும், வெயிலில் நிறுத்திய காரின் வெப்பமும் அதற்குப் பகை. காருக்கென்றே செய்த தட்டுகள் இவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்றாலும், பத்துப் பதினைந்து வயதான தட்டை நம்பிப் பணம் கொடுப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய கார்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவற்றின் கருவியில் ஜப்பான் வரைபடம் மட்டுமே இருக்கும். டோக்கியோவின் சந்துகளையெல்லாம் அறிந்த அக்கருவிக்குப் பெர்ணம் ஆற்றைத் தெரியாது. தட்டு உள்ளே பூட்டப்பட்டிருப்பதால் மலேசிய வரைபடத்தை நாமாக ஏற்றுவதும் எளிதன்று.

உள்நினைவகத்தில் சுழலும் பாகமே இல்லை. மின்னூட்டமாகச் செய்தி பதிந்திருப்பதால் குலுக்கல் அதை ஒன்றும் செய்யாது. ஒரே குறை, நிறைந்துவிட்டால் கூட்ட முடியாது. பழுதானால் கருவியோடு போயிற்று.

மெமரி கார்டைக் கழற்றலாம். வீட்டுக் கணினியில் புதிய வரைபடத்தை ஏற்றலாம். இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். நான் சிபாரிசு செய்வது இதையே. ஆயினும் இதில்தான் ஏமாற்றமும் அதிகம். கார்டுகள் யாவும் ஒரே உருவம். உள்ளே சாதி வேறு. முதல் வகை 2 கிகாபைட் வரை. 2006-ல் வந்த எஸ்.டி.எச்.சி. வகை 32 வரை. 2009-ல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கும் மேல். பழைய கருவி புதிய வகையைப் படிக்காது. இதை அறியாமல் என் மைத்துனர் ஒரு கடையில் 64 கிகாபைட் கார்டை வாங்கி வந்தார். "பெரிதாக வாங்கினால் நல்லதுதானே, மச்சான்?" என்றார். கருவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கணினியில் போட்டுச் சோதித்தபோது, அதில் உண்மையில் இருந்தது 8 கிகாபைட்தான் என்று தெரிந்தது. கொள்ளளவை மிகைப்படுத்திக் காட்டும் போலிச் சரக்கு. சில கார்களின் வரைபடமோ அந்தந்தக் கார்டின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். பிரதி எடுத்தாலும் ஓடாது. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். வரைபடத்தைப் படிப்பதால் கார்டு அவ்வளவாகத் தேய்வதில்லை. ஓயாமல் எழுதுவதே அதைத் தேய்க்கும். ஆதலால் பாதையைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு வேறு கார்டு வைப்பது நல்லது.

கைபேசியே போதும் என்பவர்கள் வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளட்டும். தஞ்சோங் மாலிம் பேராக்கின் தென்கோடி. பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர். ஈப்போ பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டுக் காலும்பாங், கெர்லிங் பக்கத்தை மறந்துவிட்டவர் ஆற்றுக்கு அக்கரையில் தவிப்பார். வெயிலில் சுடும் கண்ணாடியருகே வைத்த கைபேசி சூட்டினால் தானாக அணைந்துபோவதும் உண்டு.

எதில் சேமித்தாலும் வரைபடம் பழையதென்றால் பயனில்லை. செம்பனையை மறுநடவு செய்யும்போது தோட்டத்துப் பாதைகள் இடம் மாறுகின்றன. சில பாதைகளில் கதவு போட்டுவிடுகிறார்கள். 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தில் யாரும் தம் ஊர்ப் பாதையைத் திருத்தலாம். நம் தோட்டத்து இளைஞர்கள் இதைச் செய்யலாமே.

பழைய கருவியைக் கடையில் பார்க்கும்போது திரையில் தேதியையும் பாருங்கள். ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 2019 ஏப்ரலில் அவ்வாறு திரும்பியபோது, திருத்தம் செய்யப்படாத பல கருவிகளின் நாட்காட்டி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டது. என் மைத்துனரின் கருவி இன்றும் தேதியைத் தவறாகவே காட்டுகிறது. 4 கிகாபைட் கார்டில் சிலிம் ரிவருக்கு வழியை மட்டும் சரியாகச் சொல்கிறது.