உண்ண உதவாத மண்ணிலும் நார் விளையும்

காணி திரும்பக் கிடைத்தாலும் அதன் மண் நஞ்சாகியிருந்தால் என்ன செய்வது? இடம்பெயர்ந்து வாழும் எம்மிற் பலருக்கு இக்கவலை உண்டு. இத்தாலியின் தெற்கேயுள்ள தரந்தோ நகரத்து விவசாயிகளும் இதே கேள்வியை எதிர்கொண்டனர்.

அந்நகரில் ஐரோப்பாவின் மிகப் பெரிய உருக்காலைகளுள் ஒன்று உள்ளது. 2008 இல், அதன் அயலில் மேய்ந்த ஆடுகளில் டயொக்சின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. ஒரு குடும்பம் மட்டும் சுமார் 600 ஆடுகளை இழந்தது. 2010 இல், ஆலையிலிருந்து 20 கிலோமீற்றருக்குள் தரிசு நிலங்களில் மந்தை மேய்ப்பது தடைசெய்யப்பட்டது. நிலம் இருந்தது, அதன் புல்லை மந்தைக்குக் கொடுக்க முடியவில்லை.

அக்குடும்பம் நிலத்தைக் கைவிடவில்லை. பின்னர் அதில் நார்ச்செடி பயிரிட்டது. கஞ்சா இனத்தைச் சேர்ந்ததாயினும் இதில் போதைப்பொருள் மிகக் குறைவு. சுமார் நான்கு மாதத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளரும். தேங்காய் மட்டையை ஊறவைத்துத் தும்பு எடுப்பது போல, இதன் தண்டை ஊறவைத்து நார் எடுக்கலாம். நாரிலிருந்து துணியும் கயிறும் செய்யலாம். உள்ளேயுள்ள சக்கையைச் சுண்ணாம்புடன் கலந்து சுவர் கட்டவும் பயன்படுத்துகின்றனர்.

இத்தகைய செடிகள் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களில் ஒரு பகுதியை வேரால் உறிஞ்சி எடுக்கின்றன. பல்கேரியாவின் புளொவ்டிவ் நகரருகே, உலோக ஆலையால் கெட்ட மண்ணில் ஆளி, நார்ச்செடி, பருத்தி ஆகிய மூன்றையும் பயிரிட்டுப் பார்த்தனர். 2004 இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆளியே கூடுதலாக உலோகத்தை எடுத்தது. ஆனால் ஒரு போகத்தில் மண் சுத்தமாகிவிடாது. பல ஆண்டுகள் செல்லும். அதுவரை நிலம் தரிசாகக் கிடக்காமல் ஏதோவொரு வருமானம் தரும் என்பதே இதன் பயன்.

எமது நாட்டில் அனுமதியின்றி கஞ்சா இனச் செடியை வளர்ப்பது குற்றம். ஆனால் சணல் எமக்குப் பழக்கமான நார்ப்பயிர். நெல் அறுவடைக்குப் பின் அதை விதைத்துப் பசுந்தாட் பசளையாக உழுதுவிடுவது எமது வழக்கம். நல்ல மண்ணுக்கு அது நன்று. உலோகம் கலந்த மண்ணிலோ, செடி எடுத்த நஞ்சை மீண்டும் மண்ணுக்கே கொடுத்தவர்களாவோம்.

ஆகவே சிலவற்றை மனதிற் கொள்வோம்:

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதியாகாத காணியில் கால் வைக்க வேண்டாம்.

சந்தேகமான மண்ணைப் பரிசோதிக்கும் வழியை விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறிவோம்.

அம்மண்ணில் விளைந்த செடியை உண்ணவோ, மாட்டுக்குப் போடவோ, எரிக்கவோ வேண்டாம்.

தண்டை ஊறவைத்த நீர் கிணற்றிலும் குளத்திலும் சேராதிருக்கட்டும்.

மண் இறைவன் எம்மிடம் ஒப்படைத்த சொத்து. நோயுற்ற பிள்ளையை எவரும் வீதியில் விடுவதில்லை. நோயுற்ற மண்ணையும் அவ்வாறே பொறுமையுடன் பேணுவோம்.