ஏற்றத்தில் இழுக்கும் பெட்டி: இலாபம் யாருக்கு?

கடையில் அடுக்கியிருக்கும் சரக்கைப் போலவே வாசலில் நிற்கும் வேனும் லொறியும் வியாபாரியின் முதல்தான். சரக்குக்குக் கணக்கு வைக்கும் நாம், வாகனத்துக்குப் பெரும்பாலும் கணக்கு வைப்பதில்லை. 2022 ஜூன் மாதம் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறி, அதையும் வாங்க நாட்கணக்கில் வரிசையில் நின்ற பிறகுதான் ஒவ்வொரு சொட்டின் பெறுமதியும் எமக்கு விளங்கியது. வலுவையும் கூட்டும், டீசலையும் மிச்சப்படுத்தும் என்று ஒரு பொருளை யாராவது நீட்டினால் கை தானாகவே பணப்பைக்குப் போவதில் ஆச்சரியமில்லை.

அப்படி நீட்டப்படும் பொருட்களில் ஒன்றுதான் 'டியூனிங் பொக்ஸ்'. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதிலிருந்து வரும் வயரை என்ஜினில் உள்ள ஒரு சொக்கட்டில் செருகிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. "நானா, இதைப் பூட்டினால் கடுகண்ணாவை ஏற்றத்தில் கியர் குறைக்கவே தேவையில்லை, டீசலும் நூற்றுக்குப் பத்து மிச்சம்" என்பார் விற்பவர். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விற்பனை என்பதைப் பார்ப்போம்.

எந்த வாகனத்துக்கு இது பொருந்தும்?

முதலில் ஒரு விடயம். பழைய டொல்பின் வேன், பழைய டெலிகா, பழைய கன்டர், 700 சீசீ இரண்டு சிலிண்டர் டிமோ பட்டா போன்றவற்றில் டீசலைப் பீச்சுவது பொறிமுறைப் பம்ப். அங்கே ஏமாற்றுவதற்குக் கணினி இல்லை. இவற்றுக்கு இப்படியான பெட்டி என்று யாராவது விற்க வந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பெட்டி வேலை செய்வது 'கொமன் ரெயில்' என்ஜின்களில். ஜப்பானின் டென்சோ நிறுவனம் இம்முறையை 1995இல் லொறிகளுக்குக் கொண்டு வந்தது. 1997இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தின் தயாரிப்போடு அது கார்களுக்கு வந்தது. எமது பாதைகளில் ஓடும் கேடீஎச் ஹயேஸ் வேன்களின் 2கேடி, 1கேடி என்ஜின்களும், புதிய டபிள் கெப்களும், புதிய இசுசு லொறிகளும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இதில் ஒரு பம்ப் டீசலைக் கடும் அழுத்தத்தில் ஒரு குழாய்க்குள் நிரப்பி வைக்கும். அந்தப் பொதுக் குழாயிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டரும் கணினி சொல்லும் நேரத்தில் திறந்து மூடும். வேன் டயருக்கு நாம் அடிக்கும் காற்று சுமார் 3 பார். இந்தக் குழாயில் அழுத்தம் 1,300 பாருக்கு மேல். சில புதிய என்ஜின்களில் 2,000 பாரையும் தொடும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் இன்ஜெக்டரின் உள் பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான்.

தராசில் வைத்த பொய்க்கல்

குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கணினிக்குச் சொல்வதற்கு ஒரு சென்சர் உண்டு. பெட்டி அந்தச் சென்சருக்கும் கணினிக்கும் நடுவில் போய் உட்காருகிறது. உதாரணமாக, கணினி 1,200 பார் வேண்டும் என்கிறது, குழாயிலும் 1,200 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி "1,100தான் இருக்கிறது" என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி அதை நம்பி மேலும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. உண்மையில் குழாய் 1,300க்குப் போகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே போகிறது. அதிக டீசல் எரிந்தால் அதிக வலு. வியாபாரிகளின் பாஷையில் சொன்னால், இது கணினியின் தராசில் வைக்கப்பட்ட பொய்க்கல்.

ஆக, வலு கூடும் என்பது பொய்யல்ல. ஒழுங்காகச் செய்யப்பட்ட பெட்டி பூட்டிய வேன் ஏற்றத்தில் இழுப்பதை ஓட்டுபவர் உணர்வார். அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கம்பனி விட்டுவைத்த மிச்சம்

டொயோட்டாவின் அதே 3,000 சீசீ 1கேடி என்ஜின் ஹயேஸ் வேன் ஒன்றில் 136 குதிரைவலுவும், ஹைலக்ஸ் கெப்பில் 160க்கு மேலும் தந்தது. கம்பனிக்குக் கூட்டத் தெரியாமல் குறைத்து வைக்கவில்லை. வேனில் என்ஜின் சீற்றுக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கிறது. ஆட்களையும் சாமானையும் நிரப்பிக்கொண்டு, வெயிலில், ஏற்றத்தில், நாள் முழுக்க ஓட வேண்டியது அது. சூடு, கிளட்ச், டர்போ, கியர் பெட்டி, கிடைக்கும் டீசலின் தரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, இலட்சக்கணக்கான கிலோமீற்றர் தாங்குவதற்காக ஒரு மிச்சத்தை விட்டுவைக்கிறார்கள்.

பெட்டி விற்பவர் எமக்கு விற்பது இந்த மிச்சத்தைத்தான். அது அவருடைய சரக்கல்ல. வேன் வாங்கும்போதே நாம் காசு கொடுத்து வாங்கிய, எமது சொந்த முதல். அதை எடுத்து எமக்கே மீண்டும் விற்கிறார்.

இந்த மிச்சம் எவ்வளவு காலம் தாங்கும் என்பது வாகனத்தின் வேலையைப் பொறுத்தது. ஜேர்மனியில் தனியாகக் காரில் வேலைக்குப் போகும் ஒருவர் முழு வலுவையும் கேட்பது சில விநாடிகளுக்குத்தான். மாவனல்லையிலிருந்து கண்டிக்குச் சாமான் ஏற்றிப்போகும் வேன் நிமிடக்கணக்கில் முழு வலுவில் ஏறுகிறது. டீசல் கூடினால் எரியும் சூடும் கூடும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியமே 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். முழுப் பாரத்தில் டீசல் என்ஜினின் புகைச் சூடு 700 பாகையையும் தாண்டக்கூடியது. உள்ளிருக்கும் ஒயிலும் தண்ணீரும் குளிர்த்துவதால்தான் பிஸ்டன் தப்பிப் பிழைக்கிறது. அந்தக் குளிர்ச்சி பழைய அளவிலேயே இருக்க, சூடு மட்டும் கூடினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எமது நாட்டில் இன்னொரு விடயமும் உண்டு. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததையே ஓட்டினோம். ஆகவே எமது வேன்களில் பல இரண்டு, மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடியவை. அவற்றின் இன்ஜெக்டர்களும் பம்பும் ஏற்கனவே தேய்ந்தவை. விட்டுவைத்த மிச்சத்தில் பெரும்பகுதி செலவாகிவிட்ட என்ஜினில் பொய்க்கல் வைப்பது, மெலிந்த மாட்டுக்கு இன்னொரு மூட்டை ஏற்றுவது போன்றது.

டீசல் மிச்சமாகுமா?

ஒரு லீற்றர் டீசலில் சுமார் 10 கிலோவாட் மணி சக்தி உண்டு. நல்ல டீசல் என்ஜின் அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வரைதான் வேலையாக மாற்றும். பெட்டி இந்த விகிதத்தைப் பெரிதாக மாற்றிவிடாது. கொஞ்சம் மிச்சமாவதற்கு ஒரு வழி உண்டு: கீழ் வேகத்திலேயே இழுவை கூடுவதால் சாரதி முன்கூட்டியே பெரிய கியருக்குப் போகலாம். அதற்குச் சாரதி பொறுமைசாலியாக இருக்க வேண்டும். வலு கிடைத்ததும் காலை அமத்தும் சாரதியாக இருந்தால் செலவு கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேன் மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுகிறது, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைப்போம். மாதச் செலவு 300 லீற்றர். கணக்குக்கு இலகுவாக லீற்றர் 300 ரூபா என்றும், பெட்டி 45,000 ரூபா என்றும் கொள்வோம். விற்பவர் சொல்வது போல் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடினால் மாதம் சுமார் 27 லீற்றர், அதாவது 8,100 ரூபா மிச்சம். ஆறு மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. நூற்றுக்கு இரண்டுதான் முன்னேற்றம் என்றால் மிச்சம் மாதம் ஆறு லீற்றர் கூட வராது. 1,800 ரூபாவுக்கும் குறைவு. முதல் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல். அதற்குள் நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்று போனாலும் கணக்கு தலைகீழ். வேன் கராஜில் நிற்கும் நாட்களின் வாடகையும், போகாத சாமானும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

போலிகளின் சந்தை

இதுவரை பேசியது வேலை செய்யும் பெட்டிகளைப் பற்றி. சந்தையில் வேலையே செய்யாதவையும் உண்டு. சிலவற்றைத் திறந்து பார்த்தால் சில ரூபா பெறுமதியான ஒரு ரெசிஸ்டரைத் தவிர வேறொன்றுமில்லை. திறக்க முடியாதபடி பசை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பரிசோதனைச் சொக்கட்டில் செருகும் 'டீசல் சேவர்' என்ற பெயரில் வருபவற்றில் பல, விளக்கு மினுக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

மூன்றாவது வகை அக்ஸலேட்டர் பெடலில் பூட்டும் பெட்டி. கால்வாசி மிதித்ததை அரைவாசி மிதித்ததாகக் கணினிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. வேன் துள்ளிப் பாய்வது போல் தெரியும். என்ஜினின் வலுவில் ஒரு குதிரை கூடக் கூடாது. நீங்களே கொஞ்சம் அதிகமாக மிதித்தால் அதே பலன் கிடைக்கும், இலவசமாக.

காகிதங்களில் வரும் சிக்கல்

ஜேர்மனியில் இவ்வாறான பெட்டியைப் பூட்டினால் அதற்குரிய தொழினுட்பச் சான்றிதழுடன் வாகனப் பத்திரங்களில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வாகனம் பாதையில் ஓடும் அனுமதியே செல்லுபடியற்றுப் போகலாம். பிரித்தானியாவில் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்காமல் பூட்டினால் இழப்பீடு மறுக்கப்படலாம். எமது நாட்டிலும் காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் பேரிலானது. முக்கியமான விடயத்தை மறைத்தால் ஆபத்து வேளையில் கை விரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கிறது. லீசிங்கில் உள்ள வாகனமாயின், கடைசித் தவணை கட்டி முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் பூரண உரிமையாளர் நிதிக் கம்பனியே. அவர்களுடைய பொருளில் நாம் கைவைக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

"சேர்விஸ் போகும்போதும் புகைப் பரிசோதனைக்குப் போகும்போதும் கழற்றிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது" என்பதும் விற்பவரின் பேச்சுத்தான். அழுத்தம் எல்லை மீறினால் கணினி பீ0088 போன்ற குறியீடுகளைப் பதிந்து வைக்கும். சில வேளை பாதுகாப்புக்காக வலுவைக் குறைத்தும் விடும். ஏற்றத்தில் இழுப்பதற்காகப் பூட்டிய பெட்டியால் ஏற்றத்திலேயே வேன் நின்று போகும். டீசல் முழுதாக எரியாமல் போனால் கறுப்புப் புகை வரும். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பது நாம் அறிந்ததே. புகைச் சோதனைக்கு மட்டும் பெட்டியைக் கழற்றினாலும், மற்ற நாளெல்லாம் அந்தப் புகையைச் சுவாசிப்பது எமது கடைத்தெருவும் பிள்ளைகளும்தான்.

வேனை விற்கும்போதும் இதே விடயம் வரும். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு "என்ஜினில் கை வைக்கவே இல்லை" என்று சொல்லி விற்பது வியாபாரமாகாது.

பெட்டிக்கு முன் பார்க்க வேண்டியவை

ஏற்றத்தில் வேன் இழுக்கவில்லை என்று பெட்டி தேடுபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது பழைய வலு திரும்பி வருவதுதான். இவற்றை முதலில் பாருங்கள்:

1. காற்று வடிகட்டியும் டீசல் வடிகட்டியும் எப்போது மாற்றப்பட்டன?

2. டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாய்களில் வெடிப்போ, தளர்ந்த கிளிப்போ உண்டா? ஒரு சிறு கசிவு கணிசமான வலுவைத் தின்றுவிடும்.

3. காற்று உள்ளே போகும் வழியிலும் ஈஜீஆர் வால்விலும் கரி அடைத்திருக்கிறதா? கேடீஎச் வேன்களில் இது சாதாரணம்.

4. இன்ஜெக்டர்களின் திரும்பு டீசல் அளவைச் சோதித்தீர்களா? எந்த இன்ஜெக்டர் தேய்ந்தது என்பது அதிலேயே தெரியும்.

5. டயர் காற்று சரியா? பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா? கிளட்ச் வழுக்குகிறதா?

6. ஏற்றும் பாரம் வாகனத்துக்கு அளவானதா?

இவற்றில் பலவற்றுக்கு ஒரு நல்ல பாஸும் அரை நாளும் போதும்.

அப்படியும் பூட்டத்தான் வேண்டுமென்றால்

எல்லோருக்கும் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதிகம் ஓடாத, பாரம் ஏற்றாத, லீசிங் முடிந்த, உத்தரவாதக் காலம் கடந்த சொந்த வாகனத்தில், தெரிந்துகொண்டே ஒருவர் பூட்டுவது அவரது விருப்பம். அவரும் விற்பவரிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எனது என்ஜினுக்கென்றே செய்யப்பட்டதா, எல்லாவற்றுக்கும் பொதுவானதா? எந்தச் சென்சரில் இணைகிறது? அழுத்தத்தை எவ்வளவுக்கு மேல் கூட்டாது? வலு கூடியதை அளந்து எழுத்தில் தருவீர்களா? என்ஜினுக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரலாமா? பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் வாங்காதீர்கள். வாங்கினாலும் மிகக் குறைந்த அளவில் வைத்து ஓட்டுங்கள். தாங்கி நிரம்ப அடித்து மீண்டும் நிரம்ப அடிக்கும் வரை ஓடிய தூரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். டாஷ்போர்டு காட்டும் கணக்கை நம்ப வேண்டாம். பெட்டி பூட்டிய கணினிக்கு எவ்வளவு டீசல் போனது என்பதே சரியாகத் தெரியாது.

கைக்கு வந்த மிச்சத்தை எல்லாம் ஒரே நாளில் செலவழிக்கும் கடை நீண்ட காலம் நிலைக்காது. கம்பனி என்ஜினுக்குள் விட்டுவைத்த மிச்சமும் அப்படித்தான். நாள் முழுக்கப் பாரம் சுமந்து எமக்குச் சோறு போடும் வேனில் அது ஒரு சேமிப்பு. எடுக்க முன்னர் கொப்பியும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.