உங்களுக்குத் தெரியுமா? சுரங்க வரைபடத்துக்கு வயது 3,000

இன்று கைவசம் இருக்கும் மிகப் பழைய நிலவியல் வரைபடம் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கின் தங்கச் சுரங்கத்தைக் காட்டுகிறது. வரையப்பட்டது ஏறத்தாழ கி.மு. 1150இல், எகிப்தில், பாப்பிரஸ் தாளில்!

• இடம்: நைல் நதிக்கும் செங்கடலுக்கும் நடுவே, வாதி ஹம்மாமாத் என்ற வறண்ட பள்ளத்தாக்கு.

• தங்கம் கிடைக்கும் குன்றுகளுக்கு இளஞ்சிவப்பு, மற்றவற்றுக்குக் கருமை. வெறும் அலங்காரம் இல்லை. பாறை வகையைப் பார்த்தே நிறம் தீட்டியிருக்கிறார்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் கிடக்கும் சரளைக்கற்கள்கூடப் பல நிறப் புள்ளிகளாகத் தெரிகின்றன. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, அமுன் கடவுளின் கோயில், கிணறு, பாதைகள் எல்லாம் உண்டு. இன்றைய நிலவியலாளர்கள் நேரில் ஒப்பிட்டபோது, பாறைகளின் பரவல் பெருமளவு பொருந்தியது.

• மேல்பக்கம் தெற்கு. நைல் வருவது அங்கிருந்துதானே!

• இந்த வரைபடத்தோடு தொடர்புடையவர் எகிப்திய மன்னர் நான்காம் ராம்செஸ். சிலைகளுக்குக் கல் வெட்ட இதே பள்ளத்தாக்குக்கு 8,000க்கும் மேற்பட்டோரை அனுப்பினார். 900 பேர் திரும்பவில்லை. வரைபடத்தின் அழகை வியக்கும்போது இவர்களையும் நினைக்க வேண்டும்.

• இருப்பது இத்தாலியின் துரின் நகர எகிப்திய அருங்காட்சியகத்தில். துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். நீளம் சுமார் 2.8 மீட்டர்.