மீதேனை எரிக்கும் உலோக ஆக்ஸைடுகள்

புனேயிலிருந்து லோஹேகாவ் விமான நிலையத்திற்குச் செல்லும் சாலையில் ஓடும் பஸ்கள், ஆட்டோ ரிக்ஷாக்களுள் பல, அழுத்தப்பட்ட இயற்கை வாயுவால் இயங்குவன. இவ்வாயுவின் பெரும்பகுதி மீதேன் ஆகும். எஞ்சினில் எரியாது தப்பும் மீதேன், 100 ஆண்டுக் கணக்கில், சம எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியை வெப்பப்படுத்த வல்லது. ஆகவே அதைப் புகைக்குழாயிலேயே எரித்துவிடுதல் நலம். ஆனால் மீதேன் மூலக்கூறின் பிணைப்புகள் மிக உறுதியானவை. வினையூக்கியின் துணையின்றிக் குறைந்த உஷ்ணநிலையில் அவை அறுபடா.

பல்லேடியம் இவ்வேலையைத் திறம்படச் செய்யும், விலைதான் அதிகம். கோபால்ட், மாங்கனீஸ் ஆக்ஸைடுகள் மலிவானவை. இவை தம்மிடமுள்ள ஆக்ஸிஜனையே மீதேனுக்கு ஈந்து, இழந்ததைக் காற்றிலிருந்து மீட்டுக்கொள்கின்றன. வட்டியில்லாக் கைம்மாற்று எனலாம்! ஆக்ஸைடுகளின் இவ்வியல்பை மார்ஸ், வான் கிரெவலன் என்னும் டச்சு அறிஞர்கள் 1954-இல் விளக்கினர்.

எனினும் இவற்றுக்குப் பல்லேடியத்தைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். புகையிலுள்ள நீராவியும் கந்தகமும் இவற்றின் திறனைக் குன்றச் செய்கின்றன. உலர்ந்த, தூய வாயுவைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் பெறும் வெற்றியைச் சாலைக்கு உரியதாகக் கொள்வதற்கில்லை.