செல்போனில் ஒரு சினிமா!
வெள்ளை வேட்டியும் காலை வெயிலும் போதும்

கடையில் சரக்கு இருக்கிறது. கல்லாவில் காசு இல்லை. ஆனால் விளம்பரம் செய்தால்தான் சரக்கு விற்கும். என்ன செய்வது?

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. சினிமாக் கொட்டகையில் ‘ஸ்லைடு’ போடுவார்கள். இடைவேளை விட்டதும் திரையில் கண்ணாடிப் படம் விழும். உள்ளூர் ஜவுளிக்கடையும் சைக்கிள் கடையும் அதில் வரும். முறுக்கு தின்றுகொண்டே ஜனங்கள் பார்ப்பார்கள்.

இப்போது கொட்டகை சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. செல்போனில் படம் எடுக்கலாம். செல்போனிலேயே ஊருக்கெல்லாம் காட்டலாம். எடுக்கிறவர்களும் ஏராளம். ஆனால் பத்துப் படம் பார்த்தால் ஒன்பது படத்தில் முகம் இருட்டு, பேச்சு கேட்காது, கை ஆடும்! பார்க்கிறவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்.

அதே செல்போனில் சினிமாப் போல எடுக்க முடியாதா? முடியும்!

அன்னூரில் ஒரு வீடு

கோவையிலிருந்து சத்தியமங்கலம் சாலையில் போனால் அன்னூர். மன்னீஸ்வரர் கோவில் உள்ள ஊர். அந்தப் பக்கத்தில் தறிச் சத்தம் புதிது அல்ல. கொஞ்சம் தள்ளிப் போனால் சிறுமுகை. கைத்தறிச் சேலைக்குப் பேர் போன ஊர்.

அன்னூரில் ஒரு கைத்தறிக் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா கோரா சேலை நெய்கிறார். பட்டு இழையும் பருத்தி இழையும் சேர்ந்த சேலை அது. தீபாவளி நெருங்குகிறது. பெட்டியில் சேலை அடுக்கியபடியே இருக்கிறது. மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் பெட்டிக்குள் சேலையாகத் தூங்குகிறது.

படம் எடுக்கும் கம்பெனியைக் கூப்பிட வசதி இல்லை. மகளிடம் செல்போன் இருக்கிறது. அவள் எப்படி எடுப்பாள்?

அதற்கு முன்பு கல்கத்தாவுக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

நகையை அடகு வைத்தவர்

சத்யஜித் ரே சினிமாவுக்கு வருவதற்கு முன்பு ஒரு விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்தார். ‘பதேர் பாஞ்சாலி’ படத்தை எடுக்கத் தொடங்கியபோது அவர் கையில் பணம் இல்லை. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் தீர்ந்தால் படப்பிடிப்பு நிற்கும். கிடைத்தால் மீண்டும் தொடங்கும். கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. 1955-ல் படம் வெளிவந்தது. உலகமே பாராட்டியது.

அந்தப் படத்துக்கு கேமரா பிடித்தவர் சுப்ரதா மித்ரா. வேலைக்குச் சேர்ந்தபோது வயது 21! அதுவரை அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை.

அடுத்த படம் ‘அபராஜிதோ’. 1956-ல் வந்தது. காசியில் உள்ள பழைய வீடு ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவில் ‘செட்’டாகப் போட்டார்கள். நடுவே முற்றம். முற்றத்து வெளிச்சம் மேலிருந்து மெதுவாக இறங்க வேண்டும். ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் சுவரில் கன்னங்கரேல் என்று நிழல் விழும். பார்த்தவுடனே பொய் தெரிந்துவிடும்!

மித்ரா என்ன செய்தார்? மேலே வெள்ளைத் துணியைக் கட்டினார். விளக்கை நடிகர்கள் மேல் அடிக்காமல் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்ட வெளிச்சம் பஞ்சு போலக் கீழே இறங்கியது. நிழல் கரைந்தது. செட், வீடாகிவிட்டது!

வேட்டி வைத்தியம்

இனி அன்னூருக்குத் திரும்பலாம். வெள்ளைத் துணிக்கு அங்கே பஞ்சமா?

காலை ஏழு மணி. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் தறியின் மேல் விழுகிறது. அப்பாவின் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம். மறுபக்கம் இருட்டு. மகள் தம்பியைக் கூப்பிட்டு இருட்டுப் பக்கத்தில் நிறுத்துகிறாள். கையில் வெள்ளை வேட்டி.

“அத நல்லா விரிச்சுப் புடிடா.”

“ஏனம்மிணி, இங்க என்ன கலியாணமா நடக்குது?” என்று அப்பா சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பை அவள் விடவில்லை. எடுத்துவிட்டாள்! வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் இருட்டுக் கன்னத்தில் விழுந்தது. கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. செலவு ஒன்றும் இல்லை.

உச்சி வெயிலில் எடுத்தால் வராது. கண்ணுக்குக் கீழே குழி விழும். காலையும் மாலையும்தான் நல்லது. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசுவது பலரும் செய்கிற தப்பு. முகம் கறுத்துவிடும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று. எடுப்பதற்கு முன் செல்போன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். சிரிக்க வேண்டாம்! எண்ணெய்க் கை பட்ட கண்ணாடியால் கெட்ட படங்களுக்குக் கணக்கே இல்லை.

மினுமினுக்கும் மர்மம்

வீட்டுக்குள் எடுத்த படத்தில் சுவர் மினுமினுக்கிறதே, ஏன்?

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை திசை மாறி மாறி வருகிறது. அதனால் டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும்! பெரும்பாலான செல்போன்கள் விநாடிக்கு 30 படம் எடுக்கும்படி அமைக்கப்பட்டவை. 50-க்கும் 30-க்கும் கணக்கு ஒத்துப் போவதில்லை.

சினிமாவில் விநாடிக்கு 24 படம். செல்போனில் 25 என்று வைக்க வசதி இருந்தால் அதையே வைக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் கேமராக் கண் திறந்திருக்கும் நேரத்தை ஒரு விநாடியில் 50-ல் ஒரு பங்காக வைக்க வேண்டும். மினுமினுப்பு அடங்கிவிடும். அசைவும் சினிமா அசைவு போல வரும். இந்த வசதி இல்லாத போனா? டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் தீர்ந்தது.

சக்கர நாற்காலி

கேமரா நகர்ந்தால் அழகுதான். ஆனால் தண்டவாளம் போட யாரிடம் பணம் இருக்கிறது?

பிரான்சில் கோதார் என்ற டைரக்டர் 1960-ல் வெளியிட்ட ‘பிரெத்லெஸ்’ படத்தில் கேமராக்காரரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளினார்கள்! அந்தப் படத்தை இன்றும் சினிமாப் பள்ளிகளில் போட்டுக் காட்டுகிறார்கள். நம் ஊரில் தள்ளுவண்டி உண்டு. சைக்கிள் உண்டு. எதுவும் இல்லையென்றால் சும்மா நகர்த்தாமல் இருக்கலாம். செல்போனைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டு, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்வதை எடுத்தாலே கண் நகரும்.

முதலில் தறி முழுவதும். பிறகு அப்பாவின் விரல். பிறகு அறுந்த இழையை முடியும்போது சுருங்குகிற நெற்றி. தூரத்தில் நின்று திரையை விரலால் பெரிதாக்கினால் படம் கலங்கும். கிட்டே போய் எடுக்க வேண்டும்.

சத்தம்தான் பாதி

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலம். 2018-ல் அந்தக் கிராமத்துச் சகோதரர்கள் தங்கள் தாத்தாவோடு வயல்வெளியில் சமைத்து வீடியோ போட ஆரம்பித்தார்கள். செட் கிடையாது. வெயில்தான் விளக்கு. 2021-ல் அவர்களுடைய சேனலைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். 2022-ல் கமல்ஹாசனின் ‘விக்ரம்’ படத்திலும் அவர்கள் தலைகாட்டினார்கள்.

அவர்கள் வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ரகசியம் புரியும். அம்மியில் அரைபடும் சத்தம், எண்ணெயில் வெங்காயம் விழும் சத்தம், அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம். பசி வந்துவிடும்!

தறிக்கும் சத்தம் உண்டு. அதை அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். பாட்டு இன்னொருவர் சொத்து. கேட்காமல் போட்டால் வீடியோவை எடுத்துவிடச் சொல்வார்கள். நஷ்டஈடும் கேட்கலாம். தறிச் சத்தத்துக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

தறி ஓடும்போது பேச்சு கேட்காது. தறியை நிறுத்திவிட்டு, இன்னொரு செல்போனைப் பேசுகிறவர் மடியில் வைத்துக் குரலைத் தனியாகப் பிடிக்கலாம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கினவர் எடுத்த படம்

சேலையை வாங்கினவர்களே கட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்புவதும் உண்டு. கம்பெனி விளம்பரத்தைவிட இதை ஜனங்கள் நம்புகிறார்கள். அங்கேதான் ஜாக்கிரதை தேவை.

சேலையை இலவசமாகக் கொடுத்தோ பணம் கொடுத்தோ புகழச் சொன்னால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெளிவாகக் காட்ட வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023-ல் இதற்கு விதிகள் வெளியிட்டது. ஏமாற்று விளம்பரத்துக்குச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை!

ஜனங்களே சேர்ந்து எடுத்த படம் ஒன்றும் உண்டு. குஜராத் பால் கூட்டுறவின் கதையைச் சொல்லும் ‘மந்தன்’. ஷியாம் பெனகல் டைரக்ட் செய்தார். 1976-ல் வந்தது. 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். படம் வெளிவந்ததும் அவர்களே வண்டி வண்டியாக வந்து பார்த்தார்கள். 2024-ல் அதைப் புதுப்பித்து கேன்ஸ் பட விழாவில் திரையிட்டார்கள்.

ரயில்வே ஊழியர்

கோவைக்காரருக்கு இதெல்லாம் புதிதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் பிறந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்தார். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ கட்டினார். அந்தப் பெயரில் இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது.

அன்னூர் மகளுக்கு இன்னும் ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. சேலையை முற்றத்துக் கொடியில் போடுகிறாள். மாலை வெயில் முந்தானைக்குப் பின்னால் நிற்கிறது. இழை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

“அப்பா, நீங்க அந்தப் பக்கமா நடந்து போங்க. கேமராவப் பாக்காதீங்க.”

“எத்தனை தடவ கண்ணு?”

“சரியா வர்ற வரைக்கும்!”